குடவோலைக் கவியரங்கம்

5 ஜனவரி 1959

உத்திரமேரூர் சவுண்டு சர்வீஸின் ஏகச் சக்கரவர்த்தி, நாலு குழாய் ஸ்பீக்கருக்கும் ஒன்றரை மைக்குக்கும் அதிபதி (அந்த அரை மைக் மனசு வைத்தால்தான் பேசும்), முனியம்மாளின் ஒரே தம்பி வீராசாமியாகிய நான் இன்று காலை கண்விழித்தேன். உலகம் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மத்தியானம் ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்த புது மனிதர். பிப்ரவரி ஏழாம் தேதி மாணவர்களுக்கு 'இருமொழிக் கவியரங்கம்' நடத்தப் போகிறாராம், மைக் செட் வேண்டுமாம். அது என்ன சார் இருமொழி என்றேன். ஒரு பிள்ளை தான் எழுதிய கவிதையைத் தமிழில் சொல்லும், இன்னொரு பிள்ளை அதையே இங்கிலீஷில் சொல்லும், இப்படி நாலு ஜோடி என்றார். செங்கல்பட்டிலிருந்து கல்வி அதிகாரி வருகிறார். யார் இங்கிலீஷை நன்றாகச் சொல்கிறானோ அவனுக்கு மெட்ராஸில் காலேஜ் ஹாஸ்டலில் இலவசமாக ஓர் இடம் வாங்கித் தருவதாக அதிகாரி வாக்குக் கொடுத்திருக்கிறாராம்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், 'மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ'. த்ரீக்கு மேல் போக வேண்டிய தேவை இந்த முப்பத்தாறு வயது வரை வரவில்லை.

9 ஜனவரி

விழாக் குழுத் தலைவர் வேறு யார், எங்கள் எல்லப்ப மச்சான்தான். அக்காவின் புருஷர். அவர் நிலத்தைச் சுற்றிவரப் புறப்பட்ட காக்கை பாதியில் இறங்கி இளைப்பாறிவிட்டுத்தான் போகும் என்று நான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். அவரும் மறுத்ததில்லை.

மச்சானுக்கு நாலு நாளாகத் தூக்கம் இல்லை. ரைஸ் மில்காரர் தன் மகன் சுப்பிரமணியை மேடையில் ஏற்ற வேண்டும் என்கிறார். மணியக்காரர் தன் பேரனை. ஜவுளிக் கடைக்காரருக்கு இரண்டு மகன்கள், இரண்டு பேரும் பிறவிக் கவிகளாம். ஒருவனை எடுத்தால் ஒன்பது பேர் மூஞ்சியைத் தூக்குவார்கள். சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தவரிடம், "குடத்துல போட்டு எடுத்துடு மச்சான். நம்ம ஊரு வழக்கம்தானே," என்று சும்மா ஒரு கொக்கியைப் போட்டேன்.

அவர் முகத்தில் நாலாயிரம் வாட் பல்பு எரிந்தது.

காரணம் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். அதைக் கோயில் மண்டபத்துக் கல்லில் வெட்டியும் வைத்திருக்கிறார்கள். சுதந்திர தினம், குடியரசு தினம், கிணறு திறப்பு, கல்யாணம், எதுவானாலும் மச்சான் மைக்கைப் பிடித்தால் குடவோலைதான். "ஒலகத்துக்கே ஓட்டுப் போடக் கத்துக்குடுத்த ஊருய்யா இது!" என்று முடிப்பார். என் மைக்குக்கு அந்தப் பேச்சு மனப்பாடம். மச்சானுக்கு ஜலதோஷம் பிடித்தால் அதுவே பேசிவிடும்.

ஆனால் அந்தக் கல்லை மச்சான் படித்ததில்லை. நானும் படித்ததில்லை. பழைய எழுத்து. தமிழ் ஐயா ஒருவருக்குத்தான் அது வாசிக்க வரும், அவரை யாரும் கேட்டதில்லை.

12 ஜனவரி

மச்சானின் மகள் கனகா பதினோராம் வகுப்பு. அவளும் கவிதை எழுதுகிறாளாம். நானே ஒன்று எழுதிக் கொடுத்தேன் — எங்கள் ஏரியில் ஒரு கெளுத்தி துள்ளினால் இலங்கையில் வெள்ளம், கெண்டை துள்ளினால் பர்மாவில் என்று. படித்துவிட்டு, "விரால் துள்ளினா இன்னா ஆவும் மாமா?" என்று கேட்டாள். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

19 ஜனவரி

பொங்கல் கழிந்து பள்ளி திறந்ததும் முதல் வேலையாகக் குடம்.

இரண்டு பித்தளைக் குடங்கள். ஒன்றில் தமிழ் சொல்லுகிற பிள்ளைகளின் பெயர்கள், மற்றதில் இங்கிலீஷ் சொல்லுகிறவர்களின் பெயர்கள். ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் கையை விட்டு எடுத்துக் கொடுக்க, ஹெட்மாஸ்டர் ஐந்து விரலையும் விரித்து வாங்கிக் காட்டினார். அப்படித்தான் வாங்க வேண்டும் என்று கல்லில் இருப்பதாகத் தமிழ் ஐயா சொன்னார். மச்சான் பட்டுத் துண்டு போட்டுக்கொண்டு சோழ ராஜாவின் சித்தப்பா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மூன்று ஜோடி ஒழுங்காக வந்தது. நாலாவதாகத் தமிழ்க் குடத்திலிருந்து கனகா. மச்சான் தட்டிய தட்டில் பள்ளிக்கூடத்து ஓடுகள் இடம் மாறி உட்கார்ந்தன. இங்கிலீஷ் குடத்திலிருந்து வந்த பெயரை ஹெட்மாஸ்டர் வாசித்தார். அருள்தாஸ்.

மறுபடி தட்டப் போன மச்சானின் கைகள் பாதி வழியிலேயே நின்றுவிட்டன.

அருள்தாஸ் சேரியிலிருந்து வருகிற பையன். அப்பா ஏசுதாஸ் மச்சானுடைய நிலத்தில்தான் வருஷம் முழுக்க வேலை. பையனுக்கு இங்கிலீஷ் என்றால் தண்ணீர் பட்ட பாடு. ஹெட்மாஸ்டருக்கே ஸ்பெல்லிங்கில் சந்தேகம் வந்தால் அவன் பக்கம் பார்ப்பார் என்று பேச்சு. இதில் பாதிதான் என் சரக்கு.

20 ஜனவரி

வீட்டில் அடுப்பு எரிந்தது, ஆனால் சோறு வரவில்லை. அக்கா எனக்குத் தட்டே போடவில்லை. குடம் என்று வாயைத் திறந்தது நான்தானே.

மச்சான் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "பையன் நல்ல பையன்தான்டா. நான் இல்லன்னா சொன்னேன்? ஆனா நம்ம பொண்ணோட ஜோடியா மேடையில நின்னா நாளிக்கி சாலவாக்கத்துல இன்னா பேசுவானுங்க?" என்றார். பக்கத்து ஊரான சாலவாக்கத்துக்காரர்களுக்கு வேலைவெட்டியே இல்லை, இவர் மகள் மேடை ஏறுகிறாளா என்று ஏரிக்கரையில் காது வைத்துப் படுத்திருக்கிறார்கள் போலும்.

"அப்ப மாத்திடு. குடத்துல வந்தது செல்லாதுன்னு தண்டோரா போட்டுடு," என்றேன்.

அதற்கும் முடியவில்லை அவருக்கு. இத்தனை வருஷம் ஊரெல்லாம் பேசியாயிற்றே. பாவம், இரண்டு பக்கத்திலும் அவரே நின்று அவரையே இழுத்துக்கொண்டிருந்தார்.

கனகாவைக் கேட்டேன். "நான் எழுதினது அவனுக்கு ஒரு தடவ படிச்சதுமே புரிஞ்சிடுச்சி. உனுக்கு மூணு தடவ சொல்லியும் புரியல," என்றாள். அந்த ஹாஸ்டல் இடம் அவனுக்குக் கிடைக்கும் என்று வகுப்பே பேசிக்கொள்கிறதாம்.

22 ஜனவரி

மச்சான் பௌர்ணமி போல வந்தார். தமிழ் ஐயாவை மண்டபத்துக்கு அழைத்துக்கொண்டு போய்க் கல்லைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கல்லில் என்ன இருக்கிறது? சொந்தமாகக் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவன் பெயரைத்தான் குடத்தில் போடலாம். மற்றவன் பெயரைப் போடவே கூடாது.

"நான் சொல்லலடா. கல்லு சொல்லுது," என்றார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அருள்தாஸுக்கு எதிராக ஒருவன் உளியைப் பிடித்து உட்கார்ந்திருந்தான் என்று யாருக்குத் தெரியும்?

சாயந்திரம் பள்ளிக்கூடத்து வாசலில் அருள்தாஸைப் பார்த்தேன். அழுவான் என்று நினைத்துத் தேறுதலாக ஒரு பெரிய வசனத்தைத் தயார் செய்து கொண்டு போயிருந்தேன். அவன் சிரித்தான்.

"எங்க பேர குடத்துல போடும்போதே நெனச்சேண்ணா, இவங்க யாரும் அந்தக் கல்ல படிக்கலன்னு."

"நீ படிச்சியா?"

"தமிழ் ஐயா கிளாசுல சொன்னாரே. எல்லாரும் தூங்கிக்கினு இருந்தாங்க."

பரீட்சை முடிந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "நைனா எனுக்குப் புது கருக்கருவா அடிக்கக் குடுத்துட்டாரு. அறுப்புக்கு," என்றான். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

என் வசனம் வீணாகிவிட்டது.

23 ஜனவரி

தமிழ் ஐயாவுக்கு என் செலவில் நாஷ்டா. ஆறு இட்லி, இரண்டு வடை, ஒரு காபி. மேற்கொண்டு கேட்டு வாங்கிய ஏழாவது இட்லியில் கல்லின் அடுத்த வரிகளும் வெளியே வந்தன. ஆஹா! நாளைக்குக் குழுக் கூட்டம். என் பேச்சுக்கு முன்னால் ராஜராஜன் படையெடுப்பெல்லாம் வெறும் பஞ்சாயத்துத் தகராறு என்று ஆகப் போகிறது.

24 ஜனவரி

எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் நான் பேசிய அழகு இருக்கிறதே — அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மச்சான் எழுந்து நிலம், மனை வரிகளைப் படித்து, ஆகவே அருள்தாஸ் பெயர் செல்லாது என்று உட்கார்ந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஹெட்மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தொண்டையைக் கனைத்தேன். தலைவர் அவர்கள் கல்லை நடுவில் நிறுத்திவிட்டார், மிச்சத்தையும் கேளுங்கள் என்றேன். குடத்தில் பெயர் போட முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். எழுபதுக்குள் இருக்க வேண்டும். பதினோராம் வகுப்பை விடாப்பிடியாகப் படித்துவருகிற ஜவுளிக் கடைக்காரர் மூத்த மகனுக்குக்கூட இன்னும் பதினைந்து வருஷம் பாக்கி. நிலமும் ஒருவன் பெயரிலும் இல்லை. எல்லாம் அப்பன் பெயரில். ஆகவே அருள்தாஸுக்கு இல்லை என்றால் யாருக்குமே இல்லை என்றேன். தமிழ் ஐயாவே "பேஷ்" என்றார்.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்துகிற வாயா இது? கல் இன்னொன்றும் சொல்லுகிறது என்றேன். பொதுக் காரியம் பார்த்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைப் போடக் கூடாது. அவன் மகன் பெயர் கூடாது. மருமகன் கூடாது. பெண்டாட்டியுடன் பிறந்தவன் கூடாது. அது நான். கைதூக்கி நானே ஒப்புக்கொண்டேன்.

ஏரி மராமத்துக் குழுவுக்கு இரண்டு வருஷமாக மச்சான்தான் தலைவர். கணக்கு இன்னும் 'எழுதிக்கினு' இருக்கிறது. ரைஸ் மில்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். ஒருவர் வெளியே போய் இருமினார், இருமிக்கொண்டே இருந்தார்.

மச்சான் எழுந்தார். கோபப்படவில்லை. அதுதான் பயம். "அப்ப குடமே வாணாம். எல்லாத் தகராறும் அதாலதான். எட்டுப் பேர நானே எழுதித் தரேன்," என்றார்.

அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் பட்டியல். கனகாவின் கவிதைக்கு இங்கிலீஷ், ரைஸ் மில் சுப்பிரமணி. ஜோடியாக நிற்பது தப்பு என்றார்கள். இப்போதும் ஜோடிதான் நிற்கப் போகிறது, தப்பு மட்டும் எங்கேயோ போய்விட்டது.

ராத்திரி கனகா கதவோரம் நின்று சொன்னாள்: "நீ ஜெயிச்சிட்ட மாமா. அவன் தோத்துட்டான்."

25 ஜனவரி

அந்தக் கணக்கு வரியை ஏன் சொன்னேன்? வயசோடு விட்டிருந்தால் — விட்டிருந்தால் குடம் நிலைத்திருக்கும். மச்சானைக் குத்தணும். அதானே? பையனுக்காகவா பேசினேன், கைதட்டலுக்கா? ஒரு இழவும் புரியல.

26 ஜனவரி

குடியரசு தினம். மச்சான் கொடியேற்றினார். என் மைக்கின் சரித்திரத்தில் முதல் முறையாகக் குடவோலை இல்லாத பேச்சு. நடுவில் ஓர் இடத்தில் "கு..." என்று ஆரம்பித்து விழுங்கிவிட்டார். தொண்டைக்குள் என்னவோ மாட்டிக்கொண்டது போல நாள் பூராவும் கஷ்டப்பட்டார். நானும் அக்காவும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

30 ஜனவரி

அருள்தாஸைக் கூப்பிட்டு என் மகா சதியை விளக்கினேன். சுப்பிரமணி வாயைத் திறந்ததும் மைக் ஒயரை உருவிவிடுவேன். நாலு ஸ்பீக்கரும் ஊமை. சபை கலையும். சாம்ராஜ்யங்கள் சரியும்.

கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னான்: "ஒயர புடுங்கினா அவன் பேசறது நிக்கும். நான் பேசறது எங்க கேக்கும்ணா?"

டீ வாங்கிக் கொடுத்தேன்.

சுப்பிரமணிக்கு இங்கிலீஷ் வரிகளைச் சொல்லிக் கொடுப்பதே இவன்தானாம். ஹெட்மாஸ்டர் கேட்டுக்கொண்டாராம். "அவனும் இன்னா பண்ணுவான்? தமிழ் எழுத்துல எழுதிவெச்சிக்கினு உருப்போடறான், பாவம்," என்றான்.

7 பிப்ரவரி

சரித்திரத்தில் இந்த நாளைப் பொன்னால் பொறிக்கலாம். பொன் இல்லாததால் பேனாவால் பொறிக்கிறேன்.

அதிகாரி பதினோரு மணிக்கு ஜீப்பில் வந்தார். ஒல்லி மனிதர். கதர்ச் சட்டை. இளநீர் வேண்டாம் என்றார், மாலை வேண்டாம் என்றார். இரண்டையும் மறுத்த அதிகாரியை எங்கள் ஊர் கண்டதில்லை, மிரண்டுவிட்டது. கவியரங்கம் மூன்று மணிக்குத்தான். அதுவரை கல்வெட்டைப் பார்க்கலாமா என்று அவராகவே கேட்டார். மச்சான் முன்னால் நடக்க, ஹெட்மாஸ்டர், தமிழ் ஐயா, பின்னால் நான்.

மண்டபத்தில் அதிகாரி சுவரைத் தடவிப் பார்த்து, "இதுதானா அந்தக் கல்?" என்றார்.

பன்னிரண்டு நாளாக மச்சான் விழுங்கி வைத்திருந்தது அங்கே மேலே வந்தது. ஏரி உடைந்தது என்றால் மிகையில்லை. குடம், ஓலை, குலுக்கல், நடுநிலை, உலகம், ஓட்டு என்று மைக் இல்லாமலேயே தூண்கள் அதிரப் பேசினார். வழக்கமாக முடிக்கிற இடமும் வந்தது. ஆனால் ரொம்ப நாள் பசி, நிற்கவில்லை. "அது பழங்கதன்னு நெனச்சிடாதீங்க சார். இன்னிக்கும் எங்க ஊர்ல எதுவானாலும் குடம்தான். இதோ, இந்தக் கவியரங்கத்துக்கே புள்ளைங்கள குடத்துல போட்டுத்தான் எடுத்தோம்," என்றார்.

பொய் சொன்னார் என்று எழுத மாட்டேன். போட்டோம், எடுத்தோம். அதற்கப்புறம் நடந்ததை அந்த நேரத்தில் அவரே மறந்துவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் முகம் மெல்ல மாறியது. தமிழ் ஐயாவுக்கு இருமல். ஹெட்மாஸ்டர், வாசிக்கவே தெரியாத அந்தப் பழைய எழுத்தை உற்று உற்றுப் படித்தார்.

அதிகாரி குழந்தை மாதிரி ஆகிவிட்டார். "அப்படியா? இந்த மாவட்டத்தில் எந்தப் பள்ளியும் செய்யாதது ஐயா இது," என்று மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மூன்று மணி. பள்ளி மைதானம் நிறைந்திருந்தது. வாலாஜாபாத் வரை வண்டிகள் நின்றன (சரி, தபாலாபீஸ் வரை). அதிகாரி முதலில் மைக்குக்கு வந்து, இந்த ஊரின் பெருமையை இப்போதுதான் தலைவர் வாயால் கேட்டேன் என்றார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "குடத்தில் யார் யார் பெயர் வந்ததோ, அவர்கள் எழுந்து நில்லுங்கள். உங்களை முதலில் பார்க்க வேண்டும்," என்றார்.

மேடையோரம் தலைவாரிப் பவுடர் பூசி உட்கார்ந்திருந்த எட்டுப் பேரில் சிலர் எழுந்தார்கள், சிலர் பாதி எழுந்து உட்கார்ந்தார்கள். ஜவுளிக் கடை இளையவன் எழுந்தான், மூத்தவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். கனகா நேராக எழுந்து நின்றாள். சுப்பிரமணி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். அவன் மூச்சு விட்டது என் மைக்கில் கேட்டது.

கூட்டத்தின் கடைசியில், சுவரோரம், அருள்தாஸ் எழுந்து நின்றான்.

அதிகாரி, "ஏன் தம்பி அவ்வளவு தள்ளி? வா, மேடைக்கு வா," என்றார். அவன் தலைகளுக்கு நடுவே நடந்து வந்தான். எல்லோரும் முன்வரிசையில் மச்சானைப் பார்த்தார்கள். மச்சான் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கைதட்டினார். மச்சானும் தட்டினார். வேறு என்ன செய்வார்?

கனகா சொன்ன கவிதையை எழுதி வைக்கிறேன்:

ஏரி அறியாது எவர்நிலம் என்று,
நீரும் அறியாது நில்லென்ற சொல்லை,
மதகொன்றே அறியும் — அதை
மூடும்கை அறியும்.

மூன்று தடவை கேட்டும் புரியாதது இன்று புரிந்தது. மச்சானுக்குப் புரியவில்லை. தான் மராமத்துப் பார்த்த மதகை மகள் பாடிவிட்டாள் என்று அவர் தட்டிய தட்டு இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகு அருள்தாஸ். எல்லோரும் மைக்கை விழுங்கப் போவார்கள். இவன் ஒரு சாண் தள்ளி நின்றான். என்ன சொன்னான் என்று எனக்கு எப்படித் தெரியும்? கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் சொல்லுவது போலச் சொன்னான். ஆடிக்கொண்டிருந்த அதிகாரியின் கால் நின்றது. முடிந்ததும் அவர் தட்டவில்லை. இன்னொரு முறை சொல் என்றார். அவன் இன்னொரு முறை சொன்னான்.

8 பிப்ரவரி

ஹாஸ்டல் இடம் அருள்தாஸுக்கு. அதிகாரி ஜீப்பில் ஏறும்போதே சொல்லிவிட்டாராம்.

காலையில் மச்சான் என்னிடம், "பாத்தியாடா? குடம்னு நான் சொன்னதாலதான் அந்தப் பையனுக்குக் கெடச்சது," என்றார். குடம் என்று முதலில் சொன்னது நான் என்றேன். கல்லைப் படித்துச் சொன்னதே தாம்தான் என்று தமிழ் ஐயா சொல்லித் திரிகிறார். வெற்றியில் பங்கு கேட்டு ஊரே வரிசையில் நிற்கிறது. அருள்தாஸ் மட்டும் வரிசையில் இல்லை. பரீட்சைக்குப் படிக்கிறான்.

14 ஜூன்

ரிசல்ட். இரண்டு பேரும் பாஸ். கனகா காஞ்சிபுரத்தில் டீச்சர் ட்ரெயினிங் சேர வேண்டும் என்கிறாள். மச்சான் 'பாக்கலாம்' என்றிருக்கிறார். பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

6 ஜூலை

அருள்தாஸ் இன்று மெட்ராஸுக்குப் புறப்பட்டான். செங்கல்பட்டு பஸ். வழியனுப்ப ஹெட்மாஸ்டர், தமிழ் ஐயா, நான், கனகா. மச்சான் மாலையோடு வந்தார், வரும் வழியெல்லாம் ஆட்களையும் சேர்த்துக்கொண்டு. எங்கள் குடத்தில் வந்த பையன் என்று கண்டக்டரிடம் சொல்லி முன் ஸீட் போட வைத்தார்.

ஏசுதாஸ் தூரத்தில், டீக்கடைப் பந்தலுக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தார். மச்சான் கையை உயர்த்தி, "ஏசுதாஸ், அங்க இன்னா நிக்கிறீங்க? வாங்க, வந்து பையன் பக்கத்துல நில்லுங்க," என்று கூப்பிட்டார். ஏசுதாஸ், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு வந்தார். அருள்தாஸ் அவர் இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுவிட்டான்.

பஸ் போயிற்று. தூசி அடங்கியது. ஹெட்மாஸ்டர் சைக்கிளில் ஏறிப் போனார், கூட்டமும் போயிற்று.

"டேய் ஏசுதாசு," என்றார் மச்சான், "இன்னாடா நின்னுக்கினு கீற? களத்துல நெல்லு கெடக்குது, வா."

ஏசுதாஸ் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு இடுப்பில் கட்டிக்கொண்டு மச்சானுக்குப் பின்னால் நடந்தார்.